கரி பஸ்ஸில் சேலம் போன குட்டிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்குப் போய்வரும் ஒரு பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அந்த பஸ் போகவும் இல்லை, வரவும் இல்லை. இரண்டு மாதமாக முதலாளி வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்றது. கரியை எரித்து அந்த வாயுவில் ஓட்டுவதற்கான உருளையைப் பின்னால் பொருத்த ஆள் வருவார் என்று காத்திருந்தோம்.

எனக்கும் டிரைவருக்கும் வேலை போகவில்லை. காலையில் வந்து பஸ்ஸைத் துடைப்போம். ஓடாத பஸ்ஸுக்கு அவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. துடைத்து முடித்ததும் டிரைவர் தன் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்.

அவரைக் கண்டால் வழி நெடுக எல்லோருக்கும் பயம். பஸ் நகர்ந்த பிறகு கை காட்டுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. ஒரு தடவை மல்லசமுத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தார். நான் விசில் ஊதினேன். “முகூர்த்த நேரம் தெரிஞ்சவனுக்கு பஸ்ஸு நேரம் தெரியலயா?” என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்க்கொண்டே இருந்தார். அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்றோ தெரியாது.

பின்சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. தன் காக்கிக் கோட்டை டிரைவர் அதில்தான் மடித்து வைத்திருந்தார். ஒருநாள் காலை அதை எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

“கண்ணு, இங்க சித்த வா.”

“என்னங்ண்ணா?”

“என்ற கோட்டு மேல ஆரோ படுத்திருக்காங்க.”

சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. ஒரு காது கிழிந்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நான்கு குட்டிகள். இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. டிரைவர் கோட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். பூனை எழுந்திருக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஒரே ஒரு தடவை கையை நீட்டியது. அவருடைய புறங்கையில் நான்கு கோடுகள் விழுந்தன.

பிறகு நான் முயன்று பார்த்தேன். எனக்கு மூன்று கோடுகள்.

முதலாளியிடம் சொன்னோம். அவர் வந்து, படியில் கால் வைக்காமல், வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

“புள்ள பெத்த பூனையத் தொரத்துன பாவத்த நான் சொமக்க முடியாது” என்றார். “நீங்க தொரத்துங்க.”

நாங்களும் சரி என்றோம். ஒருவரும் துரத்தவில்லை.

மறுநாள் நான் வீட்டிலிருந்து கொஞ்சம் பால் கொண்டு போனேன். டிரைவர் பார்த்தால் கேலி செய்வார் என்று விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கையில் பித்தளை டம்ளர்.

“காப்பிங்களா?” என்றேன்.

“ஆமா” என்றார். டம்ளரில் இருந்தது வெறும் பால். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கையில் இருந்ததைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்கவில்லை. சந்தை நாளன்று அவருடைய சட்டைப் பையிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. பஸ் கதவை அறைந்து சாத்தியே பழகியவர், அந்த வாரம் முழுவதும் கதவைக் குழந்தையைக் கிடத்துவதுபோலச் சாத்தினார். இத்தனைக்கும் பூனை எங்களைக் கொஞ்சமும் நம்பவில்லை. நாங்கள் பத்தடி தள்ளிப் போன பிறகுதான் பாலில் வாய் வைக்கும்.

எட்டாம் நாள் உருளையைப் பொருத்தி முடித்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். அதில் கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, காற்றாடியின் கைப்பிடியை அரை மணி நேரம் சுற்ற வேண்டும். பிறகு அதற்கு மனசு வந்தால் எஞ்சின் கிளம்பும்.

மறுநாள் காலை முதலாளி தேங்காய் உடைத்தார். இருபது பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும் அந்த இரைச்சலில் பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்து, முதலாளி வீட்டுச் சுவரைத் தாண்டி மறைந்தது.

“குட்டியெல்லாம் கொண்டு போயிருச்சா, பாத்தியா?” என்று டிரைவர் தன் சீட்டிலிருந்து கேட்டார்.

நான் பார்க்கவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. பெட்டியில் குனிந்து பார்க்க வேண்டுமானால் பின்சீட்டில் இருந்த ஐந்து பேரை எழுப்ப வேண்டும்.

“பாத்துட்டனுங்ண்ணா. ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

பஸ் கிளம்பியது. மல்லசமுத்திரம் தாண்டி ஒரு மேட்டில் எஞ்சின் திணறி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளுவதற்காக எழுந்தார்கள். இரைச்சல் அடங்கிய அந்த அமைதியில், பின்சீட்டில் இருந்த வளையல் வியாபாரி ராவுத்தர் என்னைக் கூப்பிட்டார். சரக்கு வாங்கச் சேலம் போகிறவர். வைக்கோல் பரப்பிய காலிக்கூடை மடியில் இருந்தது.

“கண்டக்டரே, உங்க பஸ்ஸு அழுவுதுங்களே.”

குனிந்து பார்த்தேன். கோட்டின் மடிப்புக்குள் மூன்று குட்டிகள், கண் திறக்காமல், வாயை மட்டும் திறந்துகொண்டு.

டிரைவர் வந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ பாத்தே” என்றார்.

“ஆமாங்க.”

“கண்ணாலதானே?”

கோர்ட்டுக்குப் போகிற ஒருவர், “ரோட்டோரமா வெச்சுட்டு வாங்க, நேரமாவுது” என்றார். டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்து, “நீங்க சித்த எறங்கி ரோட்டோரமா இருக்கறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு சேலம் வரை யாரும் யோசனை சொல்லவில்லை.

ராவுத்தர் மூன்றையும் வைக்கோல் கூடைக்குள் எடுத்து வைத்துத் தன் துண்டால் மூடிக்கொண்டார். சேலத்தில் இறங்கியதும் ஹோட்டலில் பால் வாங்கி, துணியைத் திரியாக்கி நனைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தார். இரண்டு சப்பின. எல்லாவற்றிலும் சின்னது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“தாயி கதகதப்பு இல்லாமப் பொழைக்காதுங்க” என்றார் ராவுத்தர். “கூடைய நீங்களே வெச்சுக்கங்க. நான் வளையல மூட்டையாக் கட்டிக்கறேன்.”

திரும்பும் நேரம் மூன்று மணி. டிரைவர் பதினோரு மணிக்கே கரியைக் கொட்டச் சொன்னார்.

“ஆளுங்க வர வேண்டாங்களா?” என்றேன்.

“சுத்து” என்றார்.

நான் சுற்றினேன். ஒரு டிக்கெட்டுகூட இல்லாமல் பஸ் கிளம்பியது. மடியில் கூடையோடு நான் மட்டும் பின்சீட்டில் இருந்தேன். ஆட்டையாம்பட்டியில், குடையும் துணிமூட்டையுமாக, எங்கள் முதலாளியின் மாமனார் நின்று கை காட்டினார்.

“அண்ணா, மொதலாளியோட மாமனாருங்க.”

“தெரியும்.”

கரி பஸ்ஸின் வேகத்துக்கு அந்தப் பெரியவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். “ஏனுங்க, நிறுத்த மாட்டீங்களா?” என்று சன்னல் வழியாக என்னைக் கேட்டார்.

“நின்னா மறுபடி கெளம்பாதுங்க” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. பாதையில் ஒரு மேடு வந்தது. பஸ் இன்னும் மெதுவாயிற்று. அவர் மூச்சு வாங்க நின்றுவிட்டார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கொட்டகைச் சுவர் மேல் பூனை உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், வாய் திறந்தால் காற்று மட்டும் வந்தது. டிரைவர் ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டியபடி அருகில் போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பூனை அவருடைய மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, குட்டியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

“அது அப்படித்தான் இருக்கோணும்” என்று டிரைவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

மற்ற இரண்டையும் கூடையோடு தரையில் வைத்துவிட்டு விலகினோம். பூனை இன்னும் இரண்டு நடையில் அவற்றையும் சுவருக்கு அந்தப்பக்கம் கொண்டு சேர்த்தது.

சாயங்காலம் மாமனார் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். முதலாளி எங்கள் இருவரையும் வாசலில் நிறுத்தித் திட்டினார். மாப்பிள்ளை திட்டத் திட்ட மாமனாரின் கோபம் ஆறிக்கொண்டு வந்தது. “நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்” என்கிற இடத்துக்கு முதலாளி வந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி கூப்பிட்டார்.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க. அப்பாவுக்குப் போட்டு வெச்ச மெத்தையில பூனை நாலு குட்டியோட படுத்துக்கெடக்குது. கிட்டப் போனாச் சீறுது.”

முதலாளி உள்ளே போனார். வரும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தார். மாமனாருக்குக் கூடத்தில் பெஞ்சுதான் வாய்த்தது. எங்கள் வேலையைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றுபோனது. தவிர, கரியில் பஸ் ஓட்ட அந்த ஊரில் வேறு ஆளும் இல்லை.

சின்னக்குட்டி மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. பூனை அதை ஒரு பகல் முழுவதும் நக்கிக்கொண்டே இருந்ததாக முதலாளி மனைவி சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் நான்தான் குழி தோண்டினேன். டிரைவர் பக்கத்தில் நின்றிருந்தார், உதவிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் டிக்கெட், கரி, தண்ணீர் தவிர வேறெதுவும் என்னோடு பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மற்ற மூன்றும் கொழுத்து வளர்ந்தன. ஒன்றரை மாதம் கழித்து, தன் நிலக்கடலைக் கிடங்கில் எலி அதிகம் என்று சொல்லி மாமனார் ஒரு குட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பஸ்ஸில்தான் ஆட்டையாம்பட்டி போனார். டிரைவர் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு குழியிலும் வண்டியை மெல்ல மெல்ல இறக்கி ஏற்றினார். சேலம் போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று. வழியில் யாரும் காரணம் கேட்கவில்லை.

தாய்ப்பூனை தேடி அலையும் என்று நாங்கள் இருவரும் கவலைப்பட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது அது வெயிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னிடம், “அந்தாளு அந்தக் குட்டிக்குப் பாலு ஊத்துவாரா கண்ணு?” என்று கேட்டார்.