பித்தளைக் குடத்துத் தண்ணீர்

நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு ஓடையிலிருந்து வரும் ஒரே பீலித் தண்ணீர்தான். அதற்கு மேலே ஓடைக்கரையில், தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து கரைத்த பீப்பாய்களைக் கழுவுவார்கள். மழைக்காலம் முழுக்க மருந்தடிப்பு நடக்கும். அந்த நாட்களில் என் சின்ன மகள் குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். கழுவும் இடத்தை மாற்றச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் நின்றேன்.

"தண்ணியில மருந்து இருக்குன்னு காட்டு, மாத்துறேன்" என்றார்.

காட்டப் பதுளை நகரில் வழி இருந்தது. கொழுந்தும் மண்ணும் சோதிக்கும் கூடத்துக்குப் புதுக் கருவி வந்திருந்தது. நீரைத் துளித்துளியாக நெருப்பில் தெளித்தால் அதிலுள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஓர் ஒளியைக் காட்டுமாம். கருவி அதைப் பிரித்து அளக்குமாம். முன்பு நாள்கணக்கில் செய்த வேலை இப்போது சில நிமிடங்களில் முடிந்தது.

பெரிய இடத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீரைக் கண்ட பாத்திரத்திலா எடுப்பது? கோயிலுக்கு நீர் எடுக்கும் பித்தளைக் குடத்தை என் மனைவி புளி போட்டுத் தேய்த்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கருவியின் முள் எகிறியது. ஆதாரம் கிடைத்துவிட்டதென்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடத்தின் யாழ்ப்பாணத்து அதிகாரி அப்போதுதான் பளபளத்த குடத்தைப் பார்த்தார்.

"பித்தளையிலயோ கொண்டந்தனீர்? பித்தளையிலயே செம்பு இருக்கு. புளி வேறை போட்டுத் தேய்ச்சிருக்கிறீர், அது செம்பைக் கரைக்கும். இது குடத்துச் செம்போ ஓடைச் செம்போ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"போத்தல்ல கொண்டாரணும்னு எங்களுக்கு யாருங்கய்யா சொன்னா?"

அவர் ஒரு கண்ணாடிப் போத்தலைத் தந்தார். தோட்டத்துக் கொழுந்து சோதனைக்கு வரும்போது மட்டும் சுத்தமான பை, கூட ஓர் ஆள், லொறி எல்லாம் உண்டு. சீமையில் தேத்தண்ணீர் குடிப்பவன் வயிறு கெடக்கூடாதே!

மறுபடி லீவு கிடைத்தபோது மழை விட்டு, மருந்தடிப்பும் நின்றிருந்தது. போத்தலில் தெளிந்த நீரைக் கொண்டுபோனேன். முள் அசையவில்லை.

துரைக்கு வாயெல்லாம் பல். "மெஷினே சொல்லிருச்சு. ஒங்க தண்ணி நல்ல தண்ணி."

அடுத்த மழைக்கும் அதே இடத்தில்தான் பீப்பாய் கழுவினார்கள். மகள் மறுபடி வாந்தியெடுத்துப் படுத்தாள். போத்தலை நிரப்பி வைத்துக்கொண்டு லீவுக்கு அலைந்தேன். "நல்ல தண்ணின்னுதான் தெரிஞ்சுபோச்சே, எதுக்கு லீவு?" என்றார் துரை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள். வயிற்றோட்டம் என்றார் தோட்டத்து மருந்துக்காரர்.

புதைத்துவிட்டு வரும் வழியில் கங்காணி ஆறுதல் சொன்னார்: "மெஷின் பொய் சொல்லாதுப்பா."

சொல்லவில்லைதான். கேட்கவேண்டிய நாளில் அதனிடம் கேட்க என்னை விடவில்லை, பாவிகள்.