கார்த்தி வெட்டிய கயிறு

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த மிஸ், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு நாவல் வாசிப்பார். பரீட்சைக்கு வராத புத்தகம் என்பதால் அதன்மேல் எங்களுக்குத் தனிப் பிரியம். இரண்டு வரி ஆங்கிலத்தில் வாசித்தால் நான்கு வரி தமிழில் விளக்குவார். வண்டியூர்ப் பக்கம் ஆங்கில வழிப் பள்ளி என்றால் அவ்வளவுதான்.

கதை வருங்காலத்து நகரம் ஒன்றில் நடந்தது. பிள்ளை பிறந்ததும் கழுத்தில் ஒரு நிறப் பட்டையை மாட்டிவிடுவார்கள். எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதையெல்லாம் அந்த நிறம்தான் முடிவுசெய்யும். மீறினால் பறக்கும் இயந்திரம் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது வாரம் மிஸ் புத்தகத்தை மூடிவிட்டு, "இந்த ஊர்ல இருக்கணும்னா யாருக்கெல்லாம் பயமா இருக்கும்?" என்று கேட்டார்.

ஒருவரும் கை தூக்கவில்லை. அந்த இயந்திரம் மட்டும்தான் பயம் என்றான் ஒருவன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மத்ததெல்லாம் நம்ம ஊர் மாதிரிதான மிஸ் இருக்கு," என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. மிஸ் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எங்கள் மணிக்கட்டுகளில் கயிறு இருந்தது. ஆளுக்கு ஆள் நிறம் மாறும். எந்த நிறம் எந்தச் சாதி என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அத்துப்படி. என் நிறத்தையும் கார்த்தியின் நிறத்தையும் இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் தெரு வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார்கள். கார்த்தி என் பெஞ்சுக்காரன். அவன் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள். உயர வரிசைப்படி உட்காரவைத்த புண்ணியத்தில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சுக்கு வந்திருந்தோம்.

"மணி அடிக்கிற வரைக்கும் கழட்டி வைங்க, எப்படி இருக்குன்னு பாப்போம். இஷ்டம் இல்லாதவங்க விட்டுருங்க," என்றார் மிஸ்.

விளையாட்டு என்றால் விடுவோமா? ஆளாளுக்கு அவிழ்த்தோம். என் கயிறு அழகர்கோவிலில் வைத்துச் சித்தப்பா கட்டியது. பல்லால் கடித்தும் முடிச்சு விடவில்லை. கார்த்தியிடம் கத்தரிக்கோல் இருந்தது. கையை நீட்டி, "வெட்டிவிடுறா மாப்ள," என்றேன்.

"வேணாம்டா, உங்க வீட்ல வைவாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெட்டுறா!"

வெட்டினான்.

அன்று சாயங்காலமே சித்தப்பா என் வெறும் கையைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "கயிறு எங்கடா?" என்று பிரியமாகத்தான் கேட்டார்.

"வெட்டியாச்சு."

"யாரு வெட்டுனது?"

"கார்த்தி."

"எந்தத் தெருப் பய?"

சொன்னேன். கையை நீட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஆம்லெட் கேட்டேன். அதையும் வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்பில் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் கார்த்தியைப் பிடித்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது. மறுநாளே மிஸ்ஸை வேலையை விட்டு அனுப்பினார்கள், பிள்ளைகளைத் தூண்டிவிட்டாராம். அடித்தவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்த சார் இலக்கணம் நடத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை கார்த்தியின் அம்மா டி.சி. வாங்க வந்தார். ஆபீஸ் வாசலில் என்னைக் கண்டதும் நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து ஓடத் தயாராக இருந்தேன். அவர் குனிந்து, என் இரண்டு கைகளையும் தொடலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் தன் கைகளையே கூப்பிக்கொண்டார்.

"எம் மகன் தெரியாமச் செஞ்சுட்டான் தம்பி. நீங்க மனசுல வச்சுக்கிராதீங்க. உங்க சித்தப்பாட்டயும் சொல்லிருங்க, நாங்க ஊர விட்டே போறோம்."

"பரவால்ல," என்றேன்.

ஒருவரை மன்னித்தது அதுதான் எனக்கு முதல் தடவை. வகுப்புக்குத் திரும்பி நடந்தபோது, இவ்வளவு நல்ல பையனாக இருக்கிறோமே என்று எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.