குடைக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை

படம் நிற்காது. அந்தக் காலத்து வீடியோவின் குணம் அது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் திரையில் இருப்பவர்கள் நடுங்கிக்கொண்டே இருப்பார்கள். குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். மரம் ஆடும், ஆடக்கூடாத தூணும் ஆடும். நானும் அந்த ஜாதிதான். ஒன்பது வயதில் என்னை ஓரிடத்தில் உட்காரவைக்க யாராலும் முடிந்ததில்லை. இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டேன். சிங்கப்பூர் பூமலைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கியவள், நான்கு வரிக்குள் இரண்டு முறை எழுந்து மரத்தைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். மரத்துக்கு இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். அப்போது கிடையாது.

அப்போது எங்கள் வீடு தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே பதினோராவது மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழேயிருந்து மீனும் மல்லிகையும் கலந்த வாசனை லிஃப்டில் ஏறி வரும். கூடவே அப்பாவின் கூட்டாளிகளும் வருவார்கள். மார்க்கெட் மாடியில் கடை வைத்திருந்த தையல்காரர், சிராங்கூன் சாலை ஜவுளிக்கடைப் பாய், ஜூரோங் கப்பல் பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர். எல்லோரும் ஒரே நடிகரின் ரசிகர்கள். அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், 'அவர்' என்றால் அவர்தான். அவர் ஒரு முறை சிங்கப்பூருக்கு வந்து படம் எடுத்துவிட்டுப் போனார். நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, அப்பா அம்மா கல்யாணத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு. அந்த ஒரு படத்தைத்தான் வாராவாரம் போட்டார்கள்.

பார்ப்பது குறைவு, சண்டைதான் அதிகம். எந்தக் காட்சி எங்கே எடுத்தது என்பதுதான் சண்டை. நடிகர் பூமலையில் பாடிக்கொண்டே ஓடத் தொடங்குவார், அடுத்த எட்டில் அவர் கால் கடற்கரை மணலில் இருக்கும். அது சாங்கி என்பார் பாய். ஈஸ்ட் கோஸ்ட் என்பார் தையல்காரர். பூமலையிலிருந்து சாங்கிக்கு அந்த நாளில் இரண்டு பஸ் மாற வேண்டும், பாட்டின் ஒரு வரிக்குள் எப்படிப் போயிருப்பார் என்று உண்மையாகவே கவலைப்படுவார்.

இதைத் தீர்க்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. தையல்காரர் கடையிலிருந்து மெல்லிய தாள் கொண்டுவருவார். படத்தை நிறுத்தி, தொலைக்காட்சியின் கண்ணாடிமேல் தாளை ஒட்டி, திரையில் தெரிவதை அப்படியே பென்சிலால் வரைந்து எடுக்க வேண்டும். வரைவது என் வேலை. "பாப்பா கையும் ஆடுது, படமும் ஆடுது, ரெண்டும் சேந்துக்கும் லா" என்பார் பாய். அடுத்த ஞாயிறு எல்லோரும் பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போய், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கிளைக்குக் கிளை, பாறைக்குப் பாறை பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தினால் வென்றவர் நடிகர் நின்ற இடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார். தோற்றவர் எல்லோருக்கும் பண்டோங் என்ற ரோஜாப்பால் வாங்கித் தருவார்.

எல்லோரும் தரையில் பாயில் உட்காருவார்கள். அப்பா மட்டும் பிரம்பு நாற்காலியில். ஏனென்றால் அந்தப் படத்தில் அப்பாவும் இருந்தார்.

இருந்தார் என்றால், இவ்வளவுதான். பூமலையில் ஒரு பெரிய தெம்புசு மரம், தரையைத் தொடுவதுபோல் படுத்த கிளை. நடிகர் அதில் சாய்ந்து பாடுவார். கேமரா மெல்ல நகரும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் கண் இமைக்கும் நேரம் உள்ளே வந்துவிடும். நீலக் குடை ஒன்று, அதன் துணியில் ஒரு துண்டு மட்டும் மஞ்சள். குடையைப் பிடித்திருந்த பெண்ணின் முகத்தைக் குடையே மறைத்திருக்கும். அவளை ஒட்டி, கட்டம் போட்ட சட்டையில் ஒரு முழங்கை.

"நாந்தான்," என்பார் அப்பா. கப்பல் பட்டறையில் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் 'முழங்கை அண்ணன்'.

அந்த இடம் வரும்போதெல்லாம் அத்தை தவறாமல் வாயைத் திறப்பாள். அத்தை அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத தம்பிகளைத் தூக்கி வளர்த்தவள். "கொடைக்காரியப் பாரு. ஆம்பள மேல ஒரசிக்கிட்டு நிக்கிறா. கேக்க ஆளில்லாத வீடு போல." அடுத்த மூச்சிலேயே, "எந்தம்பிக்கு நான் பாத்து வச்சேன் பாரு பொண்ணு. செம்பவாங்ல அவங்கப்பன் வாசப்படி தாண்ட விடாம வளத்த பொண்ணு. காப்பித் தட்டோட வந்தப்பதான் இவன் மொதல்ல பாத்தான். டம்ளர் கைல ஆடுச்சு." அந்தக் கல்யாணம்தான் அத்தையின் பெரும் பெருமை. தானாகத் தேடிக் கட்டிக்கொண்ட சித்தப்பாவிடம் அவள் பேச்சை நிறுத்தி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. நிறுத்தினால் நிறுத்தியதுதான். வீடியோ மாதிரி நடுங்கமாட்டாள்.

அத்தை இதைச் சொல்லும்போது அம்மா கூடத்தில் இருக்கவே மாட்டாள். ஏதாவது கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போயிருப்பாள்.

ஒரு ஞாயிறு, தையல்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வருஷம் உங்களுக்கு யாரு சட்ட தெச்சது?"

"நீதான்."

"இத நான் தெக்கல. என் கைமடிப்பு இவ்வளவு அகலமா வராது."

"கூட்டாளி சட்டைய்யா அது. எரவல்."

"ஷூட்டிங் பாக்கவா எரவல் சட்ட? நீங்க என்ன பொண்ணு பாக்கவா போனீங்க?"

பாயில் இருந்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தது. அப்பாவுக்குக் காது சிவந்தது. தையல்காரர் விடவில்லை, ஊசி போட்டால் முடிச்சுப் போடாமல் எடுக்கத் தெரியாதவர். "அடுத்த ஞாயிறு பூமலை. நீங்கதான்னு ஒரு சாட்சி காட்டுங்க. இல்லேன்னா நாக்காலிய விட்டு எறங்கிடணும்."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. அப்பா நாற்காலியை விட்டு இறங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தச் சட்டை எப்படியாவது வீட்டில் கிடைக்கும் என்று தேடினேன். கட்டிலுக்கு அடியில், தையல் மிஷினுக்குப் பின்னால், அரிசி டின்னுக்குள்கூட. வியாழக்கிழமை அம்மா கீழே போயிருந்தபோது நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு அலமாரியின் உச்சிக்கு ஏறினேன். செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டி, நீளமாக ஒன்று.

குடை. நீலம். பாதி விரித்தேன். ஒரு துண்டு மஞ்சள்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். அம்மாவின் அப்பா செம்பவாங் கப்பல் தளத்தில் கொடி தைக்கும் பிரிவில் இருந்தவர். வீட்டில் எது கிழிந்தாலும் கழித்துப்போட்ட கொடித் துணியில் ஒட்டுப் போட்டுவிடுவார். என் பள்ளிக்கூடப் பையின் அடியிலும் அதே மஞ்சள்தான். இந்தக் குடை உலகத்தில் ஒன்றுதான், அது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆகவே அப்பா அங்கே இருந்தார். இத்தனையும் கண்டுபிடித்த நான், அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. குடையை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதன் கீழே நின்றவளுக்கு ஒரு முகம் இருக்கும் என்று ஒரு முறையும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடையை உட்காரும் பாய்க்குள் வைத்துச் சுருட்டி நானே தோளில் சுமந்தேன். பஸ்ஸில் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. "பாப்பாக்கு எறும்பு கடிக்குதா?" என்றாள் அத்தை. அவள் மடியில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்று டப்பா. பக்கத்தில் அம்மா.

மரத்தடியில் தையல்காரர் தாளைத் தூக்கிப் பிடித்தார். கிளை பொருந்தியது. பின்னால் இருந்த மேடு பொருந்தியது. படப்பிடிப்புக்குக் கயிறு கட்டியிருந்த இடத்தில் அப்பா போய் நின்று முழங்கையை மடக்கினார். அதுவும் பொருந்தியது. ஆனால் முழங்கை யாருக்குத்தான் இல்லை?

"சாட்சி எங்க அண்ணே?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். கை சட்டைப்பையைத் தடவியது, கழுத்தைத் தடவியது, எங்கும் நிற்கவில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என்கிட்ட இருக்கு!" என்று பாயை உதறினேன். குடை புல்லில் விழுந்தது. எடுத்து விரித்தேன். பழைய கம்பி, பாதியில் சிக்கிக்கொண்டது. நீலம் மட்டும் தெரிந்தது, மஞ்சள் இன்னும் மடிப்புக்குள் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

அப்பா குடையைப் பார்த்தார். பிறகு அம்மாவை. பிறகு, டப்பாவைத் திறந்துகொண்டிருந்த கையோடு தலையை நிமிர்த்திய அத்தையை.

"நான் இல்ல!" என்றார். தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த சீனத் தம்பதி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. "நான் இல்லப்பா. சும்மா வுட்டேன். அன்னைக்கு நான் ஜூரோங்ல டூட்டி. அது எவனோ."

தையல்காரர் தாளை மெல்ல இறக்கினார். அவர் கிண்டல் பண்ணத்தான் வந்திருந்தார், ஜெயிக்க வரவில்லை. "வெளயாட்டுக்குதான் லா அண்ணே கேட்டேன்..." என்றார்.

அதற்குள் அம்மா என் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கியிருந்தாள். "கிழிஞ்ச கொடையத் தூக்கிட்டு வந்திருக்கா பாருங்க அண்ணி," என்று சொல்லிக்கொண்டே அதைப் பாய்க்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்துவிட்டாள். நான் "அம்மா, அதத் தொறந்து காட்டுங்களேன்" என்று வாயெடுத்தேன். என் மணிக்கட்டை அம்மா பிடித்த பிடி எனக்கு இன்னும் வலிக்கிறது.

"மழையே காணோம், கொடை எதுக்குடி?" என்றாள் அத்தை. பிறகு எல்லோரையும் பார்த்து, பெருமை தாங்காமல்: "பத்துப் பேர் முன்னால பொய்ய ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா? என் வளப்பு."

அப்பா எல்லோருக்கும் பண்டோங் வாங்கித் தந்தார். நான் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அடுப்படிப் பக்கம் போனேன். விளக்குப் போடவில்லை. அப்பாவும் அம்மாவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவுத்தொட்டிப் பக்கம் நின்றிருந்தார்கள். குழாய் திறந்திருந்தது. இரண்டு பேருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவமானத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். என் அப்பா பொய் சொல்லுகிறவர், அம்மா அதற்காக அழுகிறாள். திரும்பிப் போய் நான் வரைந்த தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். நான்கு நாள் அப்பாவோடு பேசவில்லை. நானும் அத்தையின் வளர்ப்புத்தான் போலும்.

அடுத்த ஞாயிறு முதல் அப்பா பாயில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரத் தையல்காரருக்கும் மனம் வரவில்லை. கொஞ்ச நாளில் அதன்மேல் துவைத்த துணி குவிந்தது. 'முழங்கை அண்ணன்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. சொல்லும்போது ஒரு சிரிப்புச் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அப்பா இறந்த வீட்டிலும் யாரோ அப்படித்தான் சொன்னார்கள், அழுதுகொண்டே. அத்தை அவருக்குப் பிறகும் பல வருடம் இருந்தாள். தான் பார்த்து வைத்த கல்யாணம் என்ற பெருமை குலையாமல் போய்ச் சேர்ந்தாள். அவள் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். செம்பவாங்குக்கு அத்தையைப் பெண் பார்க்க அனுப்பிவைத்ததே அப்பாதானாம், தரகர் சொன்னதுபோல் ஏற்பாடு செய்து.

அந்தப் படத்தைப் போன வருடம் யாரோ சுத்தம் செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். இந்த மரத்தடிக்கு அம்மாவை அழைத்துவந்து கைப்பேசியில் காட்டினேன். நிறுத்தினால் நிற்கிறது இப்போது. ஒரு கோடு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. நீலம், மஞ்சள், கட்டம். முழங்கையைப் பெரிதாக்கினேன். சட்டையின் அகலமான கைமடிப்பில் இரண்டு விரல்கள் கோத்துக்கொண்டிருந்தன. வளையல் போட்ட கையின் விரல்கள். எத்தனை ஞாயிறு, எத்தனை கண்கள், ஒருவரும் பார்த்ததில்லை.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "சட்ட கசங்கும், வுடுன்னாரு. கூட்டாளி சட்டையாம்."

"அன்னைக்கு அடுப்படியில நீங்க ரெண்டு பேரும் அழுதீங்களேம்மா."

"அழுதோமா?" அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. "'என் வளப்பு'ன்னாங்களே உங்கத்த... அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு கொழாயத் தொறந்துவிட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்புறம் உங்கப்பாவுக்கு நாக்காலி ஞாபகம் வந்துடுச்சு. அப்பதான் சிரிப்ப நிறுத்துனாரு."

அடுப்படி வாசலில் நின்ற அந்த ஒன்பது வயதுப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து சும்மா நிற்காதவள், அன்று மட்டும் அசையாமல் நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்து, தண்ணீர் விழும் சத்தத்தில் அவர்களுக்காகத் தேம்பிக்கொண்டிருந்தாள்.