ஆறு மணிக் கடலும் ஏழரை மணிக் கடலும்

கோயிலில் பாட்டு நம்பர் பலகை எழுதுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஐயர் (எங்கள் கிறிஸ்தவ சபையில் குருவை அப்படித்தான் அழைப்போம்) ஒரு துண்டுத்தாள் கொடுப்பார். அன்றைக்குப் பாடவேண்டிய பாட்டுகளின் எண்களைப் பலகையில் சாக்பீஸால் எழுதி ஆணியில் மாட்டவேண்டும். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்யக்கூடிய ஊழியம் அது ஒன்றுதான் என்பதால் ஏற்றுக்கொண்டேன். மற்றபடி எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பும் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலமும் உண்டு. நாலு பேர் நடுவில் என் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

அந்தப் பலகைதான் என்னைக் கடல் ஆராய்ச்சிக்குள் கொண்டுபோய் விட்டது.

எங்கள் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கதவணை இருக்கிறது. கடல் ஏறும்போது அதன் ஷட்டர்களை இறக்காவிட்டால் உப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஏறி வயலுக்கு வந்துவிடும். கடல் இறங்கும்போது தூக்காவிட்டால் மழைத் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும். எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்பதை அணையில் வேலை பார்க்கும் லஸ்கர் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவந்தார். அதற்கு ஒரு நேர அட்டவணை போட்டு, அரசாங்க உத்தரவாகவே ஆக்கிவிட வேண்டும் என்று மேலே முடிவாயிற்று. அட்டவணை போட எங்கள் முகத்துவாரத்தில் கடல் எந்த நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியவேண்டும். துறைமுகத்தில் அளக்கும் கருவி உண்டு, ஆனால் அது தூரம். எனவே சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார். கடலைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய பெண். சென்டிமீட்டர் கோடு போட்ட பலகை ஒன்றை மீன் இறங்குதளத்தின் படிக்கட்டுத் தூணில் பொருத்தினார். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்றார்.

ஐயர் என்னைக் காட்டினார். "நம்பரை இவரை மாதிரி அழகா எழுத இந்த வட்டாரத்துலயே ஆள் கிடையாதும்மா."

"அழகா எழுத வேணாங்கய்யா. சரியா எழுதினாப் போதும்," என்றார் அந்தப் பெண். ஐயர் சொன்னது மட்டும் என் காதில் நின்றது.

முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கே நோட்டும் பேனாவுமாகப் போய்விட்டேன். அந்த நேரத்தில்தான் போட்டுகள் கரைக்கு வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. பலகை இருந்த படிக்கட்டு முழுக்கப் பெண்கள். கூடை அலசுகிறார்கள், ஐஸ் உடைக்கிறார்கள், ஒருத்தி தோள்மேல் ஒருத்தி எட்டிப் பார்த்து ஏலம் கேட்கிறார்கள். பலகையைப் படிக்கவேண்டுமானால் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவே ஏழு படி இறங்கவேண்டும்.

இரண்டு படி இறங்கினேன். ஏலம் கூறும் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கரை முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு.

"யாருடி இது, கணக்குப்பிள்ளை? கடலை அளக்க வந்திருக்காராமில்ல! ஏய்யா, இன்னிக்கிக் கடல் எத்தன மரக்கா தேறுச்சு?"

"தலை தட்டி அளக்கச் சொல்லுக்கா. போன தடவ ரேஷன்ல கொறச்சுட்டாங்க," என்றாள் இன்னொருத்தி.

"காலப் பாருங்கடி, கொக்கு மாதிரி. மீனுக்கு மேல வெல போவும் போலருக்கு, வித்துரலாமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏழரைக்கு ஏலம் முடிந்து கூடைகள் பஸ் ஏறின. படிக்கட்டு காலி. இறங்கிப் பார்த்து நோட்டில் எழுதினேன். நேரம் என்ற கட்டத்தில் "6.00" என்று மிக அழகாக எழுதினேன்.

அதன் பிறகு அதுவே பழக்கமாயிற்று. பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கடைமடைக்காரன். எனக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலில் வருவது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிப்போன வருடங்கள் உண்டு. வந்த தண்ணீர் வயலில் கட்டினால் கட்டின இடத்தில் நிற்கும். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தண்ணீர் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். கடலும் ஒரு பெரிய வயல் என்ற அளவில்தான் இருந்தது என் கடலறிவு.

மாலையில் இறங்குதளத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் மாலை ஆறு என்றால் சரியாக ஆறு. காற்று அடித்துப் போட்டுகள் போகாத நாள்களில் காலையிலும் படிக்கட்டு வெறிச்சென்று இருக்கும். அன்றைக்கும் சரியாக ஆறு. மீன் வந்த நாள்களில் மட்டும் ஐஸ் கொட்டகை.

ஆடியில் தொடங்கியது. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் ஆராய்ச்சியாளர் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம். அடுத்த வீட்டிலிருந்து என் அக்கா காபி கொண்டுவந்தாள். அக்காவின் வயல்தான் கதவணைக்கு உள்ளே முதல் வயல். ஷட்டரில் என்ன நடந்தாலும் அவள் பயிரைத் தாண்டித்தான் மற்றவர்களுக்குப் போகும். அப்போதுதான் சம்பா நட்டிருந்தாள்.

"அண்ணா, உங்க ஊர்ல ஒரு அபூர்வமான விஷயம் இருக்கு," என்று திரையைத் திருப்பினார் அந்தப் பெண். இரண்டு கோடுகள் மேலும் கீழும் வளைந்து போயின. "இது கணக்குப்படி வரவேண்டியது. இது நீங்க அளந்தது. சாயந்திரம் ரெண்டும் ஒண்ணாப் போகுது. காலையில மட்டும் உங்க கடல் ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுது."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"அதுவும் எல்லா நாளும் இல்லண்ணா. கடல் கொந்தளிப்பா இருக்கிற நாள்ல சரியா இருக்கு. அமைதியான நாள்லதான் முந்திக்குது. முகத்துவாரத்துல இருக்கிற மணல் திட்டுதான் காரணம்னு நினைக்கிறேன். அதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதிட்டேன்."

"அப்ப ஷட்டரை என்ன பண்ணுவாங்கம்மா?" என்றாள் அக்கா.

"காலையில ஒன்றரை மணி நேரம் முன்னாடியே தூக்கிடலாம்கா. அடுத்த வாரம் கூட்டத்துல பேசி முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் உத்தரவுதான்."

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றரை மணி நேரம் முன்னால் தூக்கினால் கடல் இன்னும் இறங்கியிருக்காது. உப்பு நேராக அக்கா வயலுக்குள் போகும். இளம் நடவு ஒரே வாரத்தில் கருகும். மணல் திட்டு என்று அந்தப் பெண் பெயர் வைத்த பொருள், ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்.

அந்த வாரம் மூன்று முறை அவருக்குப் போன் செய்தேன். முதல் தடவை "சாப்டீங்களா மேடம்" என்று கேட்டு வைத்தேன். இரண்டாவது தடவை "ஊர்ல மழையா" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவரே, "அண்ணா, வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று கவலையோடு கேட்டார். இல்லை என்றேன். கடிதம் ஒன்றும் எழுதினேன். நல்ல கையெழுத்து. அது சட்டைப்பையிலேயே வியர்வையில் ஊறிப்போயிற்று.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பாசன இன்ஜினியர், லஸ்கர், வயல்காரர்கள், கடற்கரைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஏலம் கூறும் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சியாளர் படம் காட்டி விளக்கினார். என்னைக் காட்டி, "இந்த அண்ணா ஒருநாள் விடாம அளந்து கொடுத்தாங்க," என்றதும் கை தட்டினார்கள். அக்கா எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினாள்.

"அப்ப இதையே மேல அனுப்பிடறோம். ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்," என்றார் இன்ஜினியர்.

நாற்காலி கிரீச்சிட்டது. பார்த்தால் நான் எழுந்து நிற்கிறேன்.

"ஆறு மணி... ஆறு இல்லீங்க," என்றேன். "ஏழரை."

"ஏழரைக்குத் தூக்கணுங்கறீங்களா?" இன்ஜினியர் அதையும் குறித்துக்கொள்ளப் போனார்.

"தூக்கறது இல்லீங்க. பாத்தது. அங்க அவங்கல்லாம் இருந்தாங்க. அதனால..." என்று முன்வரிசையைக் கையால் காட்டினேன்.

முன்வரிசையில் அந்த அம்மா எழுந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மண்டபத்துக்கே சொன்னார்: "நான் சொல்றேங்கய்யா. இவரு ஆறு மணிக்கு வருவாரு, எங்களப் பாப்பாரு, ஐஸ் கொட்டாய்க்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குவாரு. நாங்க ஏழரைக்குப் பஸ் ஏறுனதுக்கப்புறந்தான் தண்ணியில எறங்குவாரு. ஒண்ணுக்குப் போறாருன்னுல்ல நெனச்சோம் இத்தன நாளும்!"

அன்று சிரித்தது போல் அந்த மண்டபம் எந்தக் கல்யாணத்திலும் சிரித்திருக்காது. ஆராய்ச்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "கொந்தளிப்பான நாள்ல சரியா இருந்ததே," என்று திரையைப் பார்த்துத் தனக்குள் சொன்னார்.

"அன்னிக்குப் போட்டு போவாதும்மா. நாங்க வரமாட்டோம்," என்றார் அந்த அம்மா. மணல் திட்டு அத்தோடு கரைந்தது.

வாசலில் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, ஒன் கூச்சத்துக்கு என் வயலாடா கெடச்சுது?" பிறகு கொஞ்சம் தணிந்து, "எந்திரிச்சியே, அதுவரைக்கும் சரி," என்றாள்.

உத்தரவு நின்றது. ஆராய்ச்சியாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அமாவாசையிலேருந்து பதினஞ்சு நாள். காலையில ஆறு மணிலேருந்து பத்து வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை. அங்கேயே உக்காந்து அளங்கண்ணா," என்றார். ஆட்டக்காரனைக் கடைசியாக இன்னொரு தடவை களத்தில் விடுகிற குரல் அது.

அமாவாசை காலை படிக்கட்டுக்குப் போனேன். ஏலம் அப்படியே நின்றது.

"வழி விடுங்கடி, கவர்மெண்டு எறங்குது," என்றார் அந்த அம்மா. கூடைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. ஏழு படியும் இறங்கினேன். ஆறு மணிக்குத் தண்ணீர் நாற்பத்தொன்றில் நின்றது. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆறரைக்கும் ஏழுக்கும் எனக்கு முன்னால் அவர்களே எட்டிப் பார்த்து ஏலம் மாதிரிக் கூவினார்கள். ஏழரைக்கு அறுபத்து மூன்று.

"எம்புட்டுய்யா வித்தியாசம்?"

"இருபத்திரண்டு."

அந்த அம்மா செதில் ஒட்டிய கையைப் பலகையில் விரித்து வைத்துப் பார்த்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சரியாக இருந்தது. "ஒரு சாண். இதுக்காய்யா மூணு மாசம் கொட்டாயப் புடிச்சிக்கிட்டு நின்னே?"

பதினைந்து நாளும் அளந்தேன். நோட்டின் பாதிப் பக்கங்களில் இன்றும் மீன் செதில் ஒட்டியிருக்கிறது. புது அட்டவணை வந்தது. அதைக் கதவணைச் சுவரில் பெயின்டால் எழுதும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். எழுதி முடிக்கும்வரை லஸ்கர் பின்னால் நின்று ஒவ்வொரு எண்ணாக ஆராய்ச்சியாளர் கொடுத்த தாளோடு சரிபார்த்தார். இரண்டு முறை.

கார்த்திகை மழையில் அட்டவணைப்படி முதல் தடவை ஷட்டர் ஏறியபோது அக்காவும் நானும் வாய்க்கால் கரையில் நின்றோம். வயலில் தேங்கிய தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது. எதிரே எதுவும் ஏறி வரவில்லை. அக்கா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பினாள்.

"கரிக்கல," என்றாள். நாலு அடி போய்த் திரும்பி, "மணி பாத்து எழுதிக்க," என்றாள்.

எட்டு இருபது. எட்டு இருபது என்றே எழுதினேன்.