சொன்னபடியே வந்த தட்டுப்பாடு

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஏசி, பெரிய ஸ்க்ரீன், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை... மேடையில் என் அக்கா மகன் கார்த்தி. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அடுத்த பெருந்தொற்று வந்தால் எந்த ஊரில் எப்போது மருந்து தீரும், ஆக்சிஜன் தீரும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு எப்படி முன்கூட்டியே சொல்லும் என்று டாக்டர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

திரையில் காவிரி டெல்டாவின் வரைபடம். பூதலூர் பக்கம் ஒரு சிவப்பு வட்டம்.

"கொரோனா ரெண்டாவது அலையில இந்த ஏரியாவுல சிலிண்டர் கிடைக்காதுன்னு எங்க மாடல் பத்து நாள் முன்னாடியே சொல்லுச்சு. அப்படியே நடந்துச்சு."

கைதட்டல். நான் தட்டவில்லை. எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வட்டத்துக்குள்தான் என் வீடு இருக்கிறது.

அந்த மே மாதம் கார்த்தி எனக்கு ஃபோன் செய்தான்.

"மாமா, வெளிய சொல்லாதீங்க. நம்ம பக்கம் இன்னும் பத்து நாள்ல சிலிண்டர் கிடைக்காது. அத்தைக்கு வீசிங் இருக்குல்ல... இப்பவே ஒண்ணு வாங்கி வச்சிடுங்க."

அந்தக் கணிப்பு இன்னும் எந்த அதிகாரியின் மேசைக்கும் போய்ச் சேரவில்லை. எனக்கு வந்துவிட்டது. உறவென்றால் சும்மாவா?

அன்றைக்கே ஒரு சிலிண்டர் வாங்கினேன். திருவாரூரில் இருக்கும் மச்சினருக்குச் சொன்னேன். நண்பர்கள் இரண்டு பேருக்கும் சொன்னேன். "வெளிய சொல்லாதீங்க" என்று சொல்லித்தான் சொன்னேன். அவர்களும் அப்படிச் சொல்லித்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஒன்று போதுமா என்று பயம் வந்தது. மூன்றாம் நாள் இன்னொன்று வாங்க மறுபடி கடைக்குப் போனேன்.

"என்ன சார் இது, ஆளாளுக்குக் கார்ல வந்து ஏத்திட்டுப் போறாங்க? ஆஸ்பத்திரிலேந்துகூட இவ்வளவு கேக்கலையே" என்றார் கடைக்காரர். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ரெகுலேட்டரையும் மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் வரவேண்டிய தட்டுப்பாடு ஆறாம் நாளே வந்தது.

அதற்கு மறுநாள் மத்தியானம் மலர் வந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் ராஜேந்திரன் அறுவடை மெஷின் ஓட்டுபவர். பத்து நாள் முன்பு என் வயலில் கோடை நெல் அறுத்ததே அவர்தான். மலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"சார், உங்ககிட்ட சிலிண்டர் இருக்குன்னு கடையில சொன்னாங்க. இவருக்கு ஆக்சிஜன் எண்பத்தஞ்சுதான் காட்டுது. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். அதுவரைக்கும் குடுத்தீங்கன்னா போதும் சார், திருப்பிக் கொண்டாந்துடுறேன்."

சிலிண்டர்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், போர்வைக்கு அடியில் இருந்தன.

"இருந்துச்சும்மா... நேத்துதான் சொந்தக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்? ஒரு தடங்கல் இல்லை.

"பரவால்ல சார். வேற யார்கிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க." போய்விட்டார்.

திரும்பினால் வசந்தா நிற்கிறாள். என் மனைவி.

"ரெண்டு இருக்கே?"

"நாளைக்கு உனக்கு மூச்சு வாங்குச்சுன்னா?"

"நாளைக்குத்தானே?"

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் வாதாடினேன். வயசு, வியாதி, குடும்பம் என்று என்னென்ன நியாயங்கள்... யாருடைய வியாதியைச் சொல்லி வாதாடினேனோ அவளே போர்வையை விலக்கிச் சிலிண்டரை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தாள். மூச்சு இளைத்தது. நிறுத்தவில்லை. நான் லோடு ஆட்டோ பிடித்தேன்.

தெருமுனையில் மலர் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் அப்போதுதான் போயிருந்தது. கூட வர ஒருவருக்குத்தான் இடம் என்று ராஜேந்திரனின் மைத்துனரை மட்டும் ஏற்றிக்கொண்டார்களாம். போகும்போது ராஜேந்திரனுக்கு நினைவில்லை. மலர் ஆட்டோவைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேற எங்கயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்தீங்களா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

நான்காம் நாள் ராஜேந்திரன் இறந்துபோனார். அந்த ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த 'சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன்.

மலர் ஊரெல்லாம் என்னைப் பெருமையாகப் பேசினார். "ஊரே கதவைச் சாத்திக்கிட்டப்ப சார்தான் அலைஞ்சு கொண்டாந்தாரு" என்று. ரேஷன் கடையில், பஸ் ஸ்டாண்டில், எங்கே பார்த்தாலும் ஒரு கும்பிடு. திட்டு வாங்கியவன்கூட நிமிர்ந்து நடந்துவிடுவான். இந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நடக்கிறவன் கதி?

ஹாலில் கேள்வி நேரம் வந்தது. எழுந்து கேட்டேன். "தட்டுப்பாடு வரும்னு தெரிஞ்சவங்களே வாங்கிப் பதுக்கினதால வந்த தட்டுப்பாட்டை உங்க மாடல் எந்தக் கணக்குல சேர்க்கும்?"

கார்த்தியின் முகம் மாறியது. சமாளித்தான். "நல்ல கேள்வி. மனுஷங்களோட நடத்தையை அடுத்த வெர்ஷன்ல சேர்க்கப் போறோம்." அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் வந்து, "அத்தைக்காகத்தானே மாமா சொன்னேன்..." என்றான் மெதுவாக. வாஸ்தவம்தான். எல்லாரும் யாரோ ஒருவருக்காகத்தான் வாங்கினோம். அதனால்தான் யாருக்கும் உறுத்தவில்லை. மெஷின் சொன்னது சரி. அது முதலில் யார் காதில் விழுந்தது என்பதுதான் வினை.

இதை நீங்கள் படிப்பதற்கு முன் மலர் என் வாயால் கேட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "நீங்க ரெண்டு வாங்குனீங்கன்னு கடைக்காரரு அன்னிக்கே சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா ஊரெல்லாம் என்னைப் பத்தி அப்படிச் சொன்னீங்க?"

"அப்ப எம் பொண்ணுக்கும் காய்ச்சல் அடிச்சிக்கிட்டிருந்துச்சு சார். இன்னொண்ணு உங்க வீட்லதானே இருந்துச்சு? உங்களைப் பகைச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலர் மறுபடி வந்து கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா?

இன்றுவரை எனக்கே தெரியவில்லை.