ஜேமி ஃபென்னுக்காக நான் இருந்த விரதம்

இந்த ஊரில் நவம்பர் பிறந்தால் சூரியன் நாலு மணிக்கே கடையைக் கட்டிவிடுகிறார். காலை எட்டு மணிக்குத் தலை காட்டுகிறார். மேகத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சோம்பல் முறித்துவிட்டு, மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் கிளம்பிவிடுகிறார். கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு அதனால் சளியும் சலிப்பும்தான். எனக்கோ அது சாப்பாட்டுப் பிரச்சினை. நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமண வீட்டுப் பெண். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டால் தட்டில் விழுந்த சின்னப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, ஓர் உயிர் வீணாகப் போகும், அதனால் சூரிய வெளிச்சம் தட்டில் விழ வேண்டும் என்பாள் அம்மா. அங்கே ஆறு மணி வரைக்குமாவது அந்த வெளிச்சம் இருக்கும். இங்கே நர்ஸுகள் விடுதியில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கு. அப்போது வெளியே கரி அப்பினாற்போல் இருட்டு. ஆகவே மூன்றரை மணி இடைவேளையில் வார்டிலிருந்து ஓடி வந்து, ஜன்னலோரம் நின்றபடியே ரொட்டியையும் சீஸையும் விழுங்கிவிடுவேன். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை தண்ணீரோடு சரி.

இந்த வடக்கத்தி இங்கிலாந்து ஊருக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. வந்த முதல் வாரத்திலேயே சாப்பாட்டு மேஜையில் ஒரு விசாரணை நடந்தது. கறி வேண்டாமா? மீன் கூடவா வேண்டாம்? முட்டை என்ன பாவம் செய்தது? கேட்டவர்கள் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஆனால் நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பொழுதோடு சாப்பிடுகிற கதையை இவர்களிடம் சொல்லவே கூடாதென்று.

வியாழக்கிழமைகள் வரவில்லையென்றால் அந்த ரகசியம் ரகசியமாகவே இருந்திருக்கும். விடுதியின் கீழ்த்தளத்தில் பொது அறை. அதில் ஒரு டெலிவிஷன். வியாழன் மாலை ஏழரைக்கு, கடற்கரை ஊரில் ஹோட்டல் நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை தொடராக வரும். அந்த வீட்டுப் பிள்ளையாக நடிப்பவன் ஜேமி ஃபென். பதினேழு வயது, நெற்றியை மூடிய முடி, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி. கதையில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தாலும் சரி, கூரை இடிந்து விழுந்தாலும் சரி, கடைசி ஐந்து நிமிடத்தில் அவன் கிதாரை எடுத்து ஒரு பாட்டுப் பாடிவிடுவான். சில மாதத்துக்கு ஒரு தடவை அது புதுப் பாட்டாக இருக்கும்; மறுநாள் வெள்ளிக்கிழமையே இசைத்தட்டாகக் கடைக்கு வந்துவிடும். ரேடியோவில் எந்தத் தட்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று வாராவாரம் வரிசை வாசிப்பார்கள். பரீட்சை முடிவு மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்போம். ஆமாம், நானும்தான். கடல் தாண்டிப் போயும் இவளுக்குப் பாட்டுப் பைத்தியம் விடவில்லையா என்று ஊரில் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கு வெட்கமில்லை.

வரப்போகும் பாட்டுக்காகக் காத்திருப்பதில் நான் கைதேர்ந்தவள் அல்லவா? பள்ளிக்கூடத்தில் என் தோழி வசந்தா, பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்த வீட்டுப் பெண். படம் வருவதற்கு முன்பே பாட்டுப் புத்தகம் வந்துவிடும். "ஏய் பத்மா! பஸ் ஸ்டாண்டாண்ட பாட்டு பொஸ்தகம் வித்துக்கினு இருக்கான், ஓடியாடி!" என்று அவள் மூச்சிரைக்க வந்து நிற்பாள். மெட்டுத் தெரியாத வரிகளுக்கு நாங்களே மெட்டுப் போட்டுப் பாடுவோம். பிறகு சிலோன் ஸ்டேஷனில் நிஜப் பாட்டு வரும்போது பாதி ஏமாற்றமாக இருக்கும். எங்கள் மெட்டே மேல் என்பாள் வசந்தா. அந்தப் புதுப் பாட்டு நிகழ்ச்சியும் சரியாகப் பொழுது சாயும் நேரத்தில்தான் வந்து தொலைக்கும். நான் ரேடியோவில் காதை ஒட்டவைத்திருப்பேன். அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள்: "பொழுது போய்க்கினே இருக்குது! பாட்டு நாளைக்கும் வரும்மா, இன்னிக்கிப் பொழுது திரும்பி வருமா? எழுந்து வா!" தட்டைக் கையில் ஏந்தியபடி ரேடியோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று சாப்பிட்டுப் பழகிய கால்கள்தான் இவை.

வசந்தாவோடு முதல் ஆட்டம் சினிமாவுக்குப் போவதுண்டு. இடைவேளையில் அவள் முறுக்கு வாங்குவாள். ஒன்றைக் கடித்துக்கொண்டே இன்னொன்றைப் பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்வாள். மறுநாள் காலை வகுப்பில் அது என் கைக்கு வரும். நமுத்துப்போய் ரப்பர் மாதிரி இருக்கும். ஏன் ராத்திரியே சாப்பிடவில்லை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்களைப் பற்றி அந்த ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இங்கே வியாழக்கிழமைகளில் என் பக்கத்து நாற்காலி மொரீனுடையது. அயர்லாந்துக்காரி; செம்பட்டை முடி; ஜேமியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருப்பவள். பத்மா என்ற என் பெயரைப் பேட் என்று சுருக்கியதும் அவள்தான். அவள் பேசுவதை நம் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் எனக்கு அவள் குரல் கேட்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் டின் அறையைச் சுற்றி வரும். என்னிடம் வந்ததும் நான் அப்படியே அடுத்த கைக்குத் தள்ளிவிடுவேன். நாலைந்து வியாழன் பார்த்துவிட்டு ஒரு நாள் மொரீன் கண்ணை அகல விரித்தாள்.

"ஏய் பேட், வியாழக்கிழமை ஆனா நீ வாயில ஒண்ணும் போட்றதில்லயே. ஜேமிக்காகவா?"

அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் அந்த விசாரணையா? உயிர், பூச்சி, வெளிச்சம், அம்மா எல்லாவற்றையும் என் அரைகுறை இங்கிலீஷில் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குப் பதில் தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம், ஜேமிக்காகத்தான்.

அப்பப்பா, அன்றைக்குக் கிடைத்த மரியாதை! அதுவரை நான் சாது, வெளிநாட்டுக்காரி, கறி தின்னாதவள். அன்று முதல் நான் விடுதியின் தலைசிறந்த ரசிகை. ஜேமியின் படம் வந்த பத்திரிகை முதலில் என் கைக்கு வந்தது. டெலிவிஷனுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியை எனக்கென்று விட்டுவைத்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தேன்.

புது வருஷம் பிறந்ததும் ஜேமியின் புதுப் பாட்டு வருகிறதென்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இதுவரை அவன் பாட்டு முதலிடத்துக்கு வந்ததே இல்லை. இந்தத் தடவை வந்தே ஆக வேண்டும் என்று மொரீன் மேஜையைத் தட்டினாள். "பேட் தனியா பட்டினி கெடந்தா போதுமா? நாம எல்லாரும் இருப்போம். பாட்டு வர்ற வாரம் திங்கள்லருந்து வியாழன் வரைக்கும் யாரும் ராத்திரி துன்னக் கூடாது!" எட்டுப் பெண்கள் கை தூக்கினார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் பொய்யையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? மற்றவர்கள் மூன்றரைக்கு ஜன்னலோரம் நின்று சாப்பிடுவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மொரீன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காலைச் சாப்பாட்டையும் சேர்த்து விட்டிருக்கிறாள். வியாழன் காலை, வார்டில் மருந்துத் தட்டோடு நடந்து போனவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். தட்டு விழுந்த சத்தத்தில் கிழவர் ஒருவர் மறுபடியும் யுத்தம் வந்துவிட்டதென்று போர்வைக்குள் புகுந்துகொண்டார். அவள் நெற்றியில் வீக்கம், மற்றபடி ஒன்றுமில்லை. ஆனால் விடுதியைக் கவனிக்கும் ஹோம் சிஸ்டர் அவளை மாடியில் நோயாளிகள் அறையில் படுக்கவைத்து, மறுநாள் வரை இறங்கக் கூடாதென்று உத்தரவு போட்டுவிட்டார். ஜேமியின் புதுப் பாட்டுக்காக இரண்டு மாதம் நாளை எண்ணியவள், அது வருகிற நாளில் படுக்கையில்.

யார் ஆரம்பித்தது இதை என்று ஹோம் சிஸ்டர் கேட்டதும் ஏழு கைகள் என்னைக் காட்டின. கோபத்தில் இல்லை, பெருமையில். "பேட் நவம்பர்லருந்தே இருக்கா, சிஸ்டர்!" அந்தப் பெருமைதான் என்னைக் கொன்றது. அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பூச்சி வரைக்கும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நவம்பரிலிருந்து குளிர்ந்த ரொட்டியை நின்றுகொண்டே தின்கிறாயா? முதல் நாளே சொல்வதற்கென்ன? நாளையிலிருந்து மூன்றரைக்குச் சமையலறையில் உனக்குச் சூடாக ஒரு தட்டு இருக்கும்." அவ்வளவுதான் விசாரணை. நான் பயந்தது இதற்குத்தானா என்று அழுகையே வந்துவிட்டது.

ஏழரைக்கு எல்லோரும் கீழே இருந்தார்கள். நான் மாடிக்குப் போய் மொரீனின் கட்டிலருகே உட்கார்ந்தேன். தரைக்கு அடியிலிருந்து ஜேமியின் குரல் மெல்ல வந்தது. மெட்டுத் தெரிந்தது, வார்த்தை புரியவில்லை. பாட்டு முடிந்ததும் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அம்மாவைப் பற்றி, ரேடியோவைப் பற்றி, வசந்தாவின் முறுக்கைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

"அப்போ ஜேமிய உனக்குப் புடிக்கவே புடிக்காதா?"

"புடிக்கும் மொரீன். பட்டினிதான் அவனுக்காக இல்ல."

"எங்க வீட்ல ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் நோன்புமா. எங்கம்மா வாய்ல கறி படாது. நோன்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? என்ன அவ்ளோ மட்டமா நெனச்சிட்டியா?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாருக்கும் புரியாது என்று நானாகவே முடிவு கட்டி, புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தியைப் பட்டினி போட்டு விழவைத்திருக்கிறேன். பாட்டு பதினோராம் இடத்தோடு நின்றுவிட்டது. நடுவில் ஒருத்தியின் விரதம் போலி என்றால் வேறென்ன ஆகும் என்று மொரீன் மற்றவர்களிடம் சொன்னாளாம். என்னிடம் மூன்று வாரம் பேசவில்லை. வியாழக்கிழமைகளில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை வார்டுக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால் வாசலில் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே இரண்டு க்ரீம் பிஸ்கட். முந்தின நாள் டின்னில் இருந்தவை, நமுத்துப்போயிருந்தன. அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவள், அதற்கு முன் நான் சொன்ன முறுக்குக் கதையை மறக்கவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டையும் சாப்பிட்டேன். எனக்கு வசந்தாவின் நினைவும் வந்தது, வார்டுக்கு நேரமும் ஆகிவிட்டது.

இப்போது ஜூன். சூரியன் குளிர்காலத்து ஏய்ப்புக்கெல்லாம் சேர்த்து இரவு ஒன்பதரை வரை வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு எழுதினால் புளுகு என்பாள். நேற்று வியாழக்கிழமை ஏழரைக்கு நானும் மற்றவர்களைப் போல டோஸ்டும் பீன்ஸும் நிறைந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேற்கு ஜன்னல் வழியாக அடித்த வெயிலில் டெலிவிஷன் பளபளத்தது. ஜேமியின் முகம் துளிக்கூடத் தெரியவில்லை. திரையைப் போடு, திரையைப் போடு என்று எல்லோரும் கத்தினார்கள். மொரீன் எழுந்து போய் ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்தாள். பாதியில் நின்று என் தட்டைப் பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே நிழலில் ஜேமி பாட ஆரம்பித்தான். இங்கே என் தட்டில் மட்டும் வெயில் விழுந்துகொண்டிருந்தது.