மேக்னானிமஸ் தாமோதரன்

தாமோதரனுக்கு ஆபீசில் இரண்டு வேலை. தபால் பிரிவில் கிளார்க் வேலை ஒன்று, சம்பளம் அதற்குத்தான். வாசல் கரும்பலகையில் தினமும் காலையில் 'இன்றைய சொல்' எழுதுவது இன்னொன்று. மத்திய அரசு ஆபீஸ் அல்லவா, மேலே இந்தி, நடுவில் இங்கிலீஷ், அடியில் தமிழ் அர்த்தம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாரோ சொல்லித் தொலைத்ததால் வந்து ஒட்டிக்கொண்ட வேலை அது. மாமல்லபுரம் பக்கத்து உப்புக் காற்றில் சாக்பீஸ் நமுத்துப்போகும், எழுத்துப் பிடிக்காது. பிடித்தாலும் படிக்க ஆளில்லை. எழுதியவனே சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவான்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் வந்த சொல் மட்டும் அவனை விடவில்லை. மேக்னானிமஸ். பெருந்தன்மையுள்ள என்று அர்த்தம். சொல்லும்போதே வாய் நிறைந்தது, நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தது. அர்த்தம் தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன, எடுத்து வீச வேண்டியதுதானே? செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து மேஜை ஜெபகுமாருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, "ஐ ஆம் மேக்னானிமஸ்" என்றான். கேன்டீனில் கடைசி வடையை விட்டுக்கொடுத்தபோதும் அதையே சொன்னான். ஊசிப்போன வடை என்பது வேறு விஷயம். தன்னைப்போல ஒரு மண்டைக்கனம் பிடித்த ஆளை அந்தக் காலத்தில் தான் பார்த்ததே இல்லை என்று இப்போது அவனே சொல்லிச் சிரிக்கிறான்.

அந்த வருஷம்தான் மச்சான் லட்சுமணன் படாளத்தில் புது வீடு கட்டினான். தாமோதரனின் மனைவி பிரபாவதிக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி, அங்கேயே உரக்கடை வைத்திருப்பவன். கிரகப்பிரவேசப் பத்திரிகை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தது. ஆனால் தபாலில் வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து அழைக்க வேண்டாமா? அக்கா புருஷன் என்றால் அவ்வளவு இளப்பமா? தபால் பிரிவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குத் தபால் என்றால் இவ்வளவு கோபம் வரும் என்று ஆபீசில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கொத்தனார் வேலை இழுத்துவிட்டது, சொந்தம்தானே என்று அனுப்பிவிட்டான் என்று பிரபாவதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

கடைசியில் போனான். சும்மா போயிருந்தால் தேவலை. பந்தியில் பத்துப் பேர் நடுவில், தான் மேக்னானிமஸ் என்று அறிவித்தான். இலைக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்த லட்சுமணன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்டின்னா இன்னா மாமா?"

"நீ நேர்ல வந்து கூப்டல. நான் அத்த மனசுல வெச்சுக்காம வந்து குந்தினு கீறேன் பாரு, அதான்."

லட்சுமணன் முகம் சுண்டிப்போனது. இன்னொரு கரண்டி நெய் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். திரும்பும் பஸ் செங்கல்பட்டு வந்து நின்றது. இறங்கும்போது பிரபாவதி சொன்னாள்.

"அந்த வார்த்தைய அடுத்தவங்க சொல்லணுங்க. நம்மளே சொல்லிக்கினா கேக்கறவங்களுக்கு வலிக்குது."

இவள் படித்தது தமிழ் பி.ஏ., இங்கிலீஷைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான் தாமோதரன்.

மறுவருஷம் ஆவணியில் மகள் சஹானாவுக்குத் திருப்போரூர் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பிரபாவதி குழந்தையோடு காய்ச்சலில் கிடந்ததால் படாளம் போய் அழைக்கும் பொறுப்பு தாமோதரனுடையது. ஆபீசில் அப்போது இந்தி வாரம். பேனர் எழுத, போட்டிக்குப் பலகை எழுத என்று இவன் கையெழுத்துக்கு ஏக கிராக்கி. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, சொந்தம்தானே என்று கடைசியில் ஒரு போனைப் போட்டான். லட்சுமணனிடம் போன் இல்லை. அவன் கடைக்குப் பக்கத்து மாவு மில்லில் போனை எடுத்த வேண்டா என்கிற அம்மாள் சொல்லிவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். வீட்டில் "கூப்ட்டாச்சு" என்றான்.

கோயில் மண்டபத்தில் நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. பத்தர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை சிணுங்கியது. லட்சுமணனைக் காணோம்.

நேரில் போய்த்தானே அழைத்தீர்கள் என்று பிரபாவதி கேட்டாள். தாமோதரன் கோபுரத்தைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. பங்காளி ஒருவர், மாமன் முறைக்கு வேறு யாராவது உட்காரட்டுமே என்றார். "எந் தம்பி மடிலதான். இல்லன்னா வேணாம்" என்றாள். அவள் கண் கலங்கியதை அவனால் பார்க்க முடியவில்லை. ஒரு வாய்ப் பேச்சுக்காக ஒரே தம்பியை அவளிடமிருந்து பறித்துவிட்டோமே என்று நினைத்தான்.

அப்போதுதான் லட்சுமணன் வந்தான். தலையில் சீர்த்தட்டு, பின்னால் அவன் மனைவி, சட்டையெல்லாம் வியர்வை. தாமோதரன் தூணோரம் ஒதுங்கினான். இப்போது மச்சான் ஒரே ஒரு வார்த்தை, தான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் போதும், இத்தனை சொந்தத்துக்கு நடுவில் மானம் போய்விடும்.

"ஒரே கூட்டம்க்கா, பஸ்ஸுல ஏறவே முடியல" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு லட்சுமணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். தாமோதரன் பக்கத்தில் குனிந்தான்.

"மச்சான், நான் நேர்ல வந்து..."

"கொயந்த திமிருது மாமா. தலையப் புடி."

பிடித்தான். குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்தில் தானும் கொஞ்சம் அழுதுகொண்டான்.

திங்கட்கிழமை பலகைக்கு வந்திருந்தது வேறு ஏதோ சொல். அதை விட்டுவிட்டு மேக்னானிமஸ் என்றே மறுபடி எழுதினான். வழக்கமில்லாத வழக்கமாக, கீழே இங்கிலீஷில் ஓர் உதாரண வாக்கியமும் சேர்த்தான்: லட்சுமணன் ஈஸ் மேக்னானிமஸ். முதல் முறையாக ஆபீசே நின்று பலகையைப் படித்தது. அதிகாரி நரசிம்மன் கூப்பிட்டு, எந்த செக்‌ஷன் லட்சுமணன் என்று கேட்டார்.

"என் மச்சான் சார். படாளத்துல உரக்கடை."

"அவர் பேர எதுக்குய்யா இங்க எழுதின?"

"அர்த்தம் எழுதிப் பழகிட்டேன் சார். எப்படிச் சொல்றதுன்னு இப்பதான் தெரிஞ்சுது."